சவுத் ஃபெர்ரியில் ரயிலுக்கும் படகுக்கும் நடுவே: ஒரு திறந்த மடல்

நியூயார்க் சப்வேயை நடத்தும் எம்டிஏ அதிகாரிகளுக்கும், ஸ்டேட்டன் ஐலண்ட் படகை நடத்தும் மாநகரப் போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இந்த மடலை இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறோம். தனித்தனியாக எழுதினால் பாதிப் பதில்தான் கிடைக்கும். மன்ஹாட்டனின் தென்முனையில் உள்ள சவுத் ஃபெர்ரி சப்வே நிலையத்தின் பிளாட்ஃபார்மும் படிக்கட்டும் ஒருவர் பொறுப்பு. மேலே ஏறி பீட்டர் மினுயிட் சதுக்கத்தைக் கடந்தால் வரும் ஒயிட்ஹால் படகுத்துறை மற்றவர் பொறுப்பு. நடுவில் இருக்கும் ஐந்து நிமிட நடை யார் பொறுப்பு?

நெரிசல் நேரத்தில் 15, 20 நிமிடத்துக்கு ஒரு படகு இருக்கிறது. ரயிலும் அடிக்கடி வருகிறது. ஒன்றைத் தவறவிட்டாலும் சமாளித்துவிடலாம். அவதிப்படுவது இரவில் பயணம் செய்பவர்கள். நள்ளிரவுக்குப் பின் 1ஆம் எண் ரயில் 20 நிமிடத்துக்கு ஒன்று, படகு அரை மணிக்கு ஒன்று. கணக்கைப் போட்டுப் பாருங்கள். படகு 1:00, 1:30, 2:00 மணிக்குப் புறப்படுகிறது. ரயில் 12:55, 1:15, 1:35க்கு வந்தால், இறங்கியதிலிருந்து படகு கிளம்பும் வரை 5, 15, 25 நிமிடம் ஆகும். சராசரி 15. அதே ரயில்கள் ஒரே ஒரு நிமிடம் தள்ளி 12:56, 1:16, 1:36க்கு வரட்டும். முதல் ரயிலில் வந்தவர் படகுத்துறைக் கதவை எட்டும்போது அது சாத்தியிருக்கும். அவருக்கு 34 நிமிடம். மற்ற இரண்டுக்கும் 14, 24. சராசரி 24 ஆகிவிடுகிறது. ஒரு நிமிடப் பிசகு ஒன்பது நிமிடத்தைத் தின்கிறது. இதைச் சரிசெய்யப் புதிய ரயில் வேண்டாம், புதிய படகும் வேண்டாம். டைம்டேபிள் போடும் இரு அலுவலகங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும்.

எதிர்க்கரையான ஸ்டேட்டன் ஐலண்டில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அங்குள்ள படகுத்துறையான செயின்ட் ஜார்ஜில் ஸ்டேட்டன் ஐலண்ட் ரயில்வேயின் ரயில்களும் பஸ்களும் படகு வரும் நேரத்தை ஒட்டியே புறப்படுகின்றன. அவையும் எம்டிஏ நடத்துபவைதான்.

படகிலிருந்து ரயிலுக்கு வருபவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சவுத் ஃபெர்ரி, ரயில் புறப்படும் முனை. இரண்டு தண்டவாளங்கள் இருப்பதால் ஒன்று காத்து நின்றாலும் அடுத்த ரயில் உள்ளே வர இடம் இருக்கிறது. இரவில் படகு தாமதமானால் ரயிலை இரண்டு, மூன்று நிமிடம் நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை, அங்கிருந்து ரயில்களைக் கிளப்பிவிடும் டிஸ்பாச்சருக்கே கொடுங்கள். பகலில் இதைக் கேட்க மாட்டோம். அப்போது ஒரு ரயிலை நிறுத்தினால் பிராட்வே நெடுகப் பின்னால் வருபவை கொத்தாகச் சேர்ந்துவிடும்.

பிளாட்ஃபார்மில் இறங்குபவருக்கு, படிக்கட்டின் அடியிலேயே அடுத்த படகின் நேரம் தெரியவேண்டும். மேலே ஏறி வந்தபின் தெரிந்து என்ன பயன்? ஓட வேண்டுமா, நிதானமாக நடக்கலாமா என்பதைக் கீழேயே முடிவு செய்தாக வேண்டும். படகிலிருந்து வருபவருக்கோ, இரண்டு பக்கமும் நிற்கும் ரயில்களில் முதலில் கிளம்புவது எது என்று எஸ்கலேட்டரின் உச்சியிலேயே காட்டுங்கள். லிஃப்ட் பழுதானால் அந்தச் செய்தி படகுக்குள்ளேயே ஒலிக்கட்டும். கடல் வழி 25 நிமிடம்; சக்கர நாற்காலியில் வருபவர் மாற்று வழி யோசிக்க அவ்வளவு நேரம் கிடைக்கும்.

அடுத்தது தண்ணீர். 1905இல் திறந்த பழைய நிலையம் ஒரு வளைவு. பத்துப் பெட்டி ரயிலில் முன்னால் உள்ள ஐந்து பெட்டிகளின் கதவுதான் திறக்கும். பெட்டிக்கும் மேடைக்கும் நடுவே விழும் இடைவெளியை மூட இரும்புத் தட்டுகள் நீண்டு வரும். அதற்கு மாற்றாக 50 கோடி டாலருக்கு மேல் செலவில் 2009இல் வந்த புது நிலையம், 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயலில் மூழ்கியது. வாசலில் வைத்த ஒட்டுப்பலகையும் மணல் மூட்டையும் தாங்கவில்லை. உள்ளே புகுந்தது சுமார் 1.5 கோடி கேலன் உப்புநீர். நீரை இறைத்துவிடலாம்; ஆனால் காய்ந்தபின் ரிலேக்களின் (சிக்னலை இயக்கும் மின் சுவிட்சுகள்) தொடுமுனைகளில் படியும் உப்பு, ஈரக்காற்றை இழுத்து இழுத்து உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். துடைத்துவிட்டு ஓட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். 2013 ஏப்ரலில் பழைய வளைவையே மறுபடி திறந்தீர்கள். புது நிலையம் திரும்ப 2017 ஜூன் ஆனது.

இப்போது வாசல்களில் வெள்ளத் தடுப்புக் கதவுகள் இருப்பது பெரிய நிம்மதி. ஆனால் கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு கைப்பிடி மணல் சிக்கினாலே நீர் கசியும். புயல் பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு கதவையும் முழுக்க இழுத்து மூடி, தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். ஒத்திகையில் படகுத் துறையினரும் நிற்கட்டும். கடைசிப் படகு செயின்ட் ஜார்ஜை விட்டுக் கிளம்பி 25 நிமிடம், ஆட்கள் இறங்க, சதுக்கத்தைக் கடக்க, கடைசி ரயிலில் ஏற மேலும் அரை மணி. ஆகவே நிலையக் கதவு மூடுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே அந்தப் படகு கிளம்பியிருக்க வேண்டும். இந்த நேரக்கணக்கை இருவரும் கையெழுத்திட்ட ஒரே தாளில் எழுதி, நிலையத்திலும் படகுத்துறையிலும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
சவுத் ஃபெர்ரியில் ரயிலும் படகும் மாறிச் செல்லும் தமிழ்ப் பயணிகள்