நீ கேட்ட பாட்டுகள் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

இரணைமடுக் குளம் இந்த முறையும் நிரம்பி வான் பாய்ந்தது. காலபோக நெல் நன்றாக விளைந்தது. விற்ற காசு கையில் இருப்பதால் அடுத்த மாதம் நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைவு. மற்றப் புதினங்கள் பிறகு.

என் பழைய கசெற்றுகளில் எதை முதலில் கேட்கலாம் என்று பொங்கலுக்கு முன் கேட்டிருந்தாய். அதன் பிறகு உன்னிடமிருந்து ஒரு சொல் இல்லை. ஆனால் நாங்கள் மத்தியானம் சாப்பிட இருக்கும் நேரத்தில் நீ வட்ஸ்அப்பில் விழித்திருப்பது தெரிகிறது. ரொறன்ரோவில் அப்போது விடியவும் இல்லை. நித்திரை கொள், தம்பி.

கசெற்றுகள் கடைசிப் போரில் மாத்தளனோடு போயின. இப்போது ஒவ்வொன்றாகத் தேடிக் கைத்தொலைபேசியில் சேர்த்திருக்கிறேன். டயர் ஸ்ட்ரெயிற்ஸ் என்ற ஆங்கில றொக் குழு என்றால் எல்லோரும் 1985 இல் வந்த இசைத்தொகுப்பு ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ பற்றியே பேசுகிறார்கள். நீ 1982 இல் வந்த ‘லவ் ஓவர் கோல்ட்’டில் தொடங்கு. ஐந்தே பாட்டுகள். முதற்பாட்டு ‘ரெலிகிராஃப் றோட்’ பதினான்கு நிமிடத்துக்கு மேல் ஓடும். மின்சாரம் இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் கேட்ட காலத்தில், கை சோர்ந்தால் பாட்டு இழுபடும் என்று அது முடியும்வரை மிதியைச் சுற்றினாயே, அந்தப் பாட்டுத்தான். அந்த வயதில் அப்படி ஒரு பிடிவாதம் உன்னிடம் இருந்ததை இன்றும் ஊரில் சொல்லித் திரிகிறேன்.

‘ரெலிகிராஃப் றோட்’ அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள ஒரு வீதியின் பெயர். ஒருவன் முதுகுச் சுமையோடு நடந்து வந்து காட்டுக்குள் குடியேறுகிறான். பிறகு மற்றவர்கள் வருகிறார்கள். பள்ளிக்கூடம், கோயில், சட்டம், தொழிற்சாலை எல்லாம் வருகின்றன. அப்பப்பா முத்தையன்கட்டில் காடு வெட்டிக் கொட்டில் போட்ட கதையை, இந்தப் பாட்டை எழுதிப் பாடிய மார்க் நொப்ளர் எங்கிருந்தோ கேட்டுவிட்டார் என்று அப்போது நினைத்தேன். பாட்டின் பிற்பாதியை இப்போதுதான் கவனமாகக் கேட்கிறேன். வேலைத்தலத்தை மூடிவிடுகிறார்கள். கடன் நெருக்குகிறது. அவன் அதைத் தன் துணையிடம் வாய்விட்டுச் சொல்கிறான், மறைக்கவில்லை. அவன் சோம்பேறியும் அல்ல, தம்பி. வேலை போவது மனிதனுக்கு நடப்பதுதான். அதற்குப் பிறகு கிற்றார் தனியே எழும்புகிற இடத்தைக் கட்டாயம் கேள். சொற்கள் முடிந்த பிறகும் அந்த மனிதன் நிற்கவில்லை என்பது அதில் இருக்கிறது.

அதே 1982 இல் வந்ததுதான் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீனின் ‘நெப்ராஸ்கா’ இசைத்தொகுப்பு. நாலு தடக் கசெற் கருவியில் வீட்டிலிருந்தே பதிந்தது. இசைக்குழுவோடு மறுபடி பதிந்து பார்த்தும், கசெற்றில் இருந்ததையே வெளியிட்டார். அருமையான வேலை. ஆனால் இரவில் தனியாக இருந்து அதைக் கேட்காதே. பகலில் கேள். இரவில் நித்திரை கொள்.

சொம்பீஸ் குழுவின் ‘ஒடெசி அன்ட் ஒறக்கிள்’ 1968 இல் வெளிவந்தபோது அந்தக் குழுவே கலைந்துபோயிருந்தது. முதற்பாட்டு, சிறையிலிருந்து திரும்பப்போகிறவருக்கு எழுதுகிற கடிதம். அழுகை இல்லாமல், குதூகலமாகப் பாடுகிறார்கள். சித்தப்பா உள்ளே இருந்த நாட்களில் உன் சித்திக்கு இதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

உனக்கு எழுத நேரமில்லை என்றால் நான் நம்பமாட்டேன். மூன்று வரி போதும். சுகம் என்று மட்டும் எழுதாதே, அதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறாய். பணம் வேண்டாம் என்பதை மறந்துவிடாதே. உன் அறை உனக்கென்றே கிடக்கிறது, கிணறும் இறைத்தாகிவிட்டது.

மருமகளின் குரலைக் கேட்டும் நாளாகிறது. இந்தப் பாட்டுகளை அவளோடு சேர்ந்து கேள். எது பிடித்தது என்று அவளே எங்களுக்கு எடுத்துச் சொல்லட்டும்.

அன்புடன்,
அப்பா