இரவோடு இரவாகக் கோழி சேராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் இதழில் வீட்டுக் கோழி வளர்ப்பு பற்றி வந்திருந்த குறிப்பைப் படித்தேன். நல்ல குறிப்புதான், ஆனால் அதில் ஒரு வரி என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது. புதிதாக வாங்கிய கோழிகளை இருட்டிய பிறகு பழைய கோழிகளோடு கூண்டில் விட்டுவிட்டால் விடிந்ததும் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று போட்டிருந்தீர்கள். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார். "கண்ணு தெரியாத நேரத்துல உள்ள விட்டா, கண்ணு தெரிஞ்சதும் கொத்தாதா?" என்றார்.

நானும் ஒரு காலத்தில் இதே யோசனையைக் கேட்டு அப்படியே செய்தவன். வீட்டில் ஆறு கோழி இருந்தது, முட்டை குறைந்துகொண்டே வந்தது, சரி இன்னும் மூன்று சேர்க்கலாம் என்று வாங்கி வந்தேன். கொண்டை சிவந்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தன. வந்த அன்று இரவே டார்ச் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழையவற்றுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் திறந்தால் ஒன்று மூலையில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறது, கொண்டையில் ரத்தம் வடிந்து காய்ந்திருக்கிறது. அந்தச் சண்டைகூடப் பெரிதில்லை, புண் ஆறிவிட்டது. ஆறாம் நாள் புதியவற்றில் இன்னொன்று இறக்கையைத் தொங்கப் போட்டது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது, அடுத்த சில நாளில் பழைய கோழி ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. வெள்ளைக் கழிச்சல். ஒன்பதில் ஐந்து போய்விட்டன. விற்றவரைச் சொல்லிப் பயனில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. பழைய கோழிகளுக்குப் போட வேண்டிய தடுப்பூசியை நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தேன்.

புதுக் கோழி வந்தால் முதலில் நான்கு வாரம் தனியாக வையுங்கள். சண்டையைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம். வெள்ளைக் கழிச்சல் கிருமி உள்ளே போனபின் வெளியே தெரிய 2 நாளும் ஆகலாம், 15 நாளும் ஆகலாம், ஆகவே வாங்குகிற அன்று கோழி துள்ளிக்கொண்டு இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நாள்பட்ட சளி நோய் இன்னும் மோசம். குணமான கோழி பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே கிருமியை ஆயுள் முழுக்கச் சுமக்கும், பயண அலைச்சலிலும் இடம் மாறிய பயத்திலும் அது மறுபடி தலை தூக்கும். நான்கு வாரம் காத்திருந்தால் இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானது தானாகவே காட்டிக்கொடுத்துவிடும், எல்லாமும் இல்லை, ஆனால் பெரும்பாலானது.

தனியாக என்றால் அதே கூண்டில் நடுவில் ஒரு பலகை வைப்பதைச் சொல்லவில்லை. கோழியின் காலையும் இறக்கையையும் முடக்கிப்போடுகிற மேரக்ஸ் நோயின் கிருமி இறகிலிருந்து உதிரும் பொடியோடு காற்றில் போகும், பலகை அதை என்ன செய்யும்? முப்பது நாற்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும். தீவனத் தட்டு, தண்ணீர்ப் பாத்திரம், கூட்டுகிற துடைப்பம் எல்லாம் வேறு. காலையில் பழைய கோழிகளைக் கவனித்து முடித்துவிட்டுத்தான் புதியவற்றிடம் போக வேண்டும், திரும்பும்போது கையைக் கழுவிச் செருப்பை மாற்ற வேண்டும். செருப்பு விஷயத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆனால் எச்சத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதற்குச் செருப்பைவிட வசதியான வண்டி கிடையாது. அவ்வளவு இடமே இல்லை என்பவர்கள் இப்போதைக்கு வாங்காமல் இருப்பதே மேல், சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது.

அந்த நான்கு வாரம் சும்மா பூட்டி வைப்பதற்கும் இல்லை. எச்சத்தைத் தினமும் பாருங்கள், ரத்தம் கலந்திருந்தால் இரத்தக் கழிச்சலாக இருக்கலாம், உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். குடற்புழு மருந்து, விட்டுப்போன தடுப்பூசி எல்லாவற்றையும் அவரிடம் கேட்டு இந்தச் சமயத்திலேயே முடித்துவிடலாம். ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகை விலக்கிப் பார்த்தால், இறகின் அடியில் வெள்ளையாக, பசையால் ஒட்டியதுபோல் கொத்தாக ஏதாவது இருக்கிறதா? பேன் முட்டை. மருந்துப் பொடி ஓடுகிற பேனைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது, அதனால் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை போட வேண்டும். இந்த இரண்டாவது தடவையைத்தான் மறந்துவிடுகிறோம்.

இனி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? உங்கள் குறிப்பில் பளபளப்பான இறகு, சிவந்த கொண்டை என்று இருந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் அது சரி. நான் கோழியைக் கையில் எடுக்காமல் வாங்குவதில்லை. நெஞ்செலும்பை விரலால் தடவினால் இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும்; கத்தி முனை மாதிரி எலும்பு மட்டும் தட்டுப்பட்டால், அந்தக் கோழிக்கு உள்ளே ஏதோ இருக்கிறது, இறகு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அப்புறம் அதன் முதுகைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்கிறேன். மூச்சில் கரகரப்போ, நீர் குமிழியிடுவது போன்ற சத்தமோ இருந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு கோழிக்கு அப்படி இருந்தாலும் அங்கே நிற்கிற எல்லாவற்றையும் விட்டுவிடுவேன், பக்கத்துக் கூடையில் இருப்பது நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது என்னையே ஏமாற்றிக்கொள்கிற வேலை. காலில் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரவென்று இருந்தால் அதற்குள் பூச்சி குடியிருக்கிறது. ஆற்ற முடியும், ஆனால் நாள் பிடிக்கும்.

வயதைப் பற்றி விற்பவர் சொல்வதைப் பாதிதான் நம்ப வேண்டும். முட்டையிடப் போகிற விடைக்கோழி என்பார்கள். விடையின் கால் வழவழப்பாக, செதில் ஒட்டி இருக்கும். ஆசனவாய்க்குக் கீழே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் இடுப்பெலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள்: இரண்டு மூன்று விரல் போனால் முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழி, ஒரு விரல்கூடத் தடுமாறினால் இன்னும் தொடங்கவில்லை அல்லது நிறுத்திவிட்டது. மஞ்சள் கால் இனமாக இருந்தால் இன்னொரு தடயமும் உண்டு, முட்டையிட இட அந்த மஞ்சள் வெளுத்துக்கொண்டே வரும், கால் வெளுப்பது கடைசியில்தான். ஆகவே கால் நன்றாக வெளுத்த கோழி ஏற்கெனவே நிறைய முட்டை இட்டுவிட்ட கோழி. மூக்கு நறுக்கப்பட்ட பண்ணைக் கோழிகளை இரக்கப்பட்டு வாங்குகிறவர்கள் உண்டு, தப்பில்லை, ஆனால் முழு மூக்கு உள்ள கூட்டத்துக்குள் அது வெறுங்கையோடு போகிற மாதிரி என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை, நார்வேயைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டரப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் எழுதிவைத்தார். சிறுவனாக இருந்தபோதே கோழிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர். கோழிகள் ஒன்றையொன்று முகத்தையும் கொண்டையையும் வைத்து அடையாளம் காண்கின்றன. தெரியாத முகம் வந்தால் வரிசையில் அதற்கு எந்த இடம் என்று தீர்த்துக்கொள்ளாமல் அவற்றால் இருக்க முடியாது. கொத்தே விழக்கூடாது என்று நாம் எதிர்பார்க்க முடியாது, கொத்துவது கொல்லுவதாக மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

நான்கு வாரம் முடிந்ததும் நான் கம்பி வலையைப் பயன்படுத்துகிறேன். வெளி வளைப்பில் ஒரு பக்கத்தை வலையால் பிரித்துப் புதியவற்றை அங்கே விட வேண்டும், பார்க்கலாம், குரல் கேட்கலாம், தொட முடியாது. முதல் நாள் பழைய கோழிகள் வலையோரமாகக் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு நடை போடும். எங்கள் வீட்டில் கரிச்சி என்று ஒரு கறுப்புப் பெட்டை, அது வலையின் மேல் பாய்ந்து பாய்ந்து கம்பியில் மூக்கை இடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் பாய்ச்சல் குறைந்தது. வலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் தீவனத் தட்டுகளை வைத்திருந்தேன், ஒரு வாரத்தில் எதிரெதிரே நின்று தின்றன, கரிச்சி தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்க்கும், மறுபடி தட்டுக்குள் குனிந்துவிடும். அந்த அலட்சியம் வந்துவிட்டால் போதும். சில கூட்டத்துக்கு ஒரு வாரம், சிலவற்றுக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும்.

வலையை எடுக்கும் நாளில் இடம் தாராளமாக இருக்க வேண்டும். கூண்டுக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே 10 சதுர அடி என்று பொதுவாகச் சொல்வார்கள், சேர்க்கிற நாட்களில் அதற்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. தட்டும் தண்ணீரும் குறைந்தது இரண்டிடத்தில், ஒன்றின் அருகில் நின்றால் மற்றது தெரியாதபடி வையுங்கள், இல்லையென்றால் ஒரே கோழி இரண்டுக்கும் காவல் நிற்கும். சாய்த்து வைத்த பலகை, கவிழ்த்த கூடை, ஒரு கட்டை என்று ஒளிந்துகொள்ள ஏதாவது வேண்டும். முட்டுச்சந்து மட்டும் கூடாது, தப்பிக்க இரண்டு வழி இருக்க வேண்டும். முதல் நாள் பகலில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது, ஒரு மணி நேரம் போதும். துரத்துவது, கொண்டையில் ஒரு கொத்து, இதற்கெல்லாம் குறுக்கே போகாதீர்கள், நாம் பிரித்துவிட்டால் அதே பஞ்சாயத்து நாளைக்கு முதலிலிருந்து தொடங்கும். ரத்தம் தெரிந்தால் மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும், சிவப்பைக் கண்டால் அடங்கிக் கிடந்த கோழியும் வந்து கொத்தும்.

இதெல்லாம் முடிந்தபின் இருட்டில் கொண்டுபோய்க் கம்பில் உட்கார வைக்கிற அந்த யோசனை உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஏற்கெனவே முகம் தெரிந்தவர்கள் பக்கத்தில் விழிக்கிறார்கள், அவ்வளவுதான். அப்போதும் விடியும் முன்பே எழுந்து கூண்டைத் திறந்துவிட வேண்டும்.

ஒரே ஒரு கோழியைச் சேர்ப்பதைத் தவிர்க்கலாம், இரண்டு மூன்றாக வந்தால் அடி பங்காகும், ஒன்றுக்கொன்று துணையும் இருக்கும். அளவும் ஒத்துப்போக வேண்டும், இரண்டு மாதக் குஞ்சைப் பெரிய கோழிகளோடு விடக் கூடாது. தீவனத்திலும் சிக்கல் இருக்கிறது: முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும், வளரும் கோழிக்கு ஒரு சதவீதம் போல்தான் வேண்டும், மிச்சம் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். இளையது முதியது கலந்திருக்கும் காலத்தில் எல்லோருக்கும் வளர்கோழித் தீவனம் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனியாக ஒரு தட்டில் வைத்துவிடுகிறேன், முட்டையிடுகிறவை வேண்டியதைத் தின்றுகொள்ளும்.

இரண்டு வாரம் கழித்தும் ஒரே கோழி விடாமல் துரத்தினால், அடிபடுகிறதை எடுக்காமல் அடிக்கிறதை எடுங்கள். கரிச்சியை ஐந்து நாள் தனியே வைத்தேன். திரும்ப விட்டபோது அது இல்லாமல் வரிசை மாறிப்போயிருந்தது, மகாராணி மாதிரி உள்ளே நுழைந்தாள், பழைய வெள்ளைக் கோழியிடம் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு தட்டின் ஓரத்துக்குப் போய் நின்றாள். ஆரம்ப நாட்களில் முட்டை குறைந்தது, மூன்று வாரத்தில் பழைய கணக்குக்கு வந்தது.

அடுத்த முறை கோழிக் குறிப்பு போடும்போது அந்த நான்கு வாரத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இருட்டில் விடுகிற யோசனையை அதற்குக் கீழே போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்