உன் எக்ஸோசோமை நான் நம்பவில்லை

அன்புள்ள கிலோடால்டன்,

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சாக்கு ஒன்றும் இல்லை, திட்டுவதாக இருந்தால் மொத்தமாக அடுத்த கடிதத்தில் திட்டிவிடு. இங்கே எல்லோரும் நலம். பெரியவர் ஓய்வு பெற்ற பிறகும் தினமும் வந்து ஃபிரீசர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறாராம். சேதி அவ்வளவுதான்.

இனி, செல் வெளியே தள்ளும் அந்த நுண்ணிய பையைப் பற்றிய உன் நாலு பக்க எக்ஸோசோம் புராணம். முதல் தடவை படித்தபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. மூன்றாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன்.

நீ சொல்வது இது. ஜெம்சிடாபின் என்ற புற்றுநோய் மருந்துக்கு அடங்காத ஒரு புற்றுசெல் லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் செல் வரிசை) கிடைத்திருக்கிறது. அது வளர்ந்த மீடியத்தை, அதாவது வளர்ப்புத் திரவத்தை, எடுத்துச் சாதுவான தாய் லைன்மேல் ஊற்றினால் அதுவும் அடங்க மறுக்கிறது. ஆகவே ஏதோ ஒன்று சுரக்கிறது, ஆகவே எக்ஸோசோம். பாக்டீரியாவாக இருக்க முடியாது என்பதற்கு நீ நாலு சாட்சி நிறுத்துகிறாய்: மீடியம் கலங்கவில்லை, பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்த பென்-ஸ்ட்ரெப் போட்டிருக்கிறது, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டினாய், எம்.டி.டி. சாயச் சோதனையில் நிறம் நன்றாக ஏறுகிறது, அதாவது செல் உயிரோடு இருக்கிறது.

கிலோடால்டா, இந்த நாலு பேரும் எதிர்க்கட்சிக்காரன் கூட்டி வந்த சாட்சிகள்.

நான் சந்தேகப்படுவது மைக்கோப்ளாஸ்மாவை, செல்சுவரே இல்லாத மிகச் சிறிய பாக்டீரியா. அது ஒரு மில்லிலிட்டரில் ஒரு கோடி, பத்துக் கோடி என்று இருந்தாலும் மீடியம் கண்ணாடி போலத்தான் தெரியும். கலங்கினால்தான் தொற்று என்பது ஈ. கோலைக்குச் சரி, இதற்கு இல்லை. சாதாரண மைக்ரோஸ்கோப்பிலும் ஒன்றும் தெரியாது. அடுத்தது பென்-ஸ்ட்ரெப். பெனிசிலின் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிற மருந்து. சுவரே இல்லாத வீட்டில் கொத்தனாரைப் பிடித்து உள்ளே போட்டு என்ன பயன்? ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் கல்ச்சரில் திரிகிற பல வகைகள் அசைவதில்லை. இன்னும் மோசம் என்னவென்றால், கைசுத்தம் குறைந்தால் காட்டிக்கொடுக்கிற மற்ற பாக்டீரியாவை எல்லாம் பென்-ஸ்ட்ரெப் அமுக்கிவிடுகிறது. தப்பு நடந்துகொண்டே இருக்கும், தெரியாது. அதைத் தினசரிப் பழக்கமாக வைத்துக்கொள்ளாதே என்று நான் சொல்லாத வருஷம் உண்டா?

ஃபில்டர் விஷயம் இன்னும் அழகு. மைக்கோப்ளாஸ்மா 0.2, 0.3 மைக்ரான்தான். சுவர் இல்லாததால் உடம்பு நெளியும், அழுத்தம் கொடுத்தால் 0.22 துளையில் நெருக்கியடித்து நுழைந்துவிடும். சீரம் தயாரிக்கிறவர்கள் 0.1 மைக்ரானில் வடிகட்டுவது அதனால்தான். உன் எக்ஸோசோம் 30 முதல் 150 நானோமீட்டர், அதுவும் அதே துளையில் போகும். ஃபில்டர் வழியாகப் போனது என்பதை வைத்து இரண்டில் எது என்று எப்படிச் சொன்னாய்?

எம்.டி.டி.யில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மஞ்சள் சாயத்தை ஊதாவாக்க உன் செல்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை. மைக்கோப்ளாஸ்மாவும் அதைச் செய்யும். மருந்தில் செல் பாதி செத்து மிதக்கும், சோதனைத் தட்டின் குழியில் நிறம் மட்டும் குறையாது. உன் கடிதத்தின் மூன்றாம் பக்க ஓரத்தில், 'மைக்ரோஸ்கோப்பில் செல் கம்மியாகத் தெரிகிறது, ஆனால் ரீடிங் நன்றாக வருகிறது, சந்தோஷம்' என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சந்தோஷத்தின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

இது வெறும் சந்தேகம் இல்லை, மருந்தின் வேதியியலே அப்படி. ஜெம்சிடாபின் என்பது மாறுவேஷம் போட்ட டிஆக்ஸிசைட்டிடின், அதாவது டி.என்.ஏ. கட்டும் செங்கல்களில் ஒன்றின் போலி. செல்லுக்குள் போய், டிஆக்ஸிசைட்டிடின் கைனேஸ் என்ற என்சைம் ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிட்ட பிறகுதான் அதற்குப் பல் முளைக்கிறது. சைட்டிடின் டிஅமினேஸ் என்ற இன்னொரு என்சைம் முந்திக்கொண்டு அமைன் தொகுதியைப் பிடுங்கிவிட்டால் பல் இல்லாத யூரிடின் வடிவம்தான் மிச்சம். மைக்கோப்ளாஸ்மா ஹையோரைனிஸ் என்ற வகையின் கையில் அந்த டிஅமினேஸ் இருக்கிறது. நீ ஊற்றும் மருந்தை உன் செல் தொடுவதற்கு முன்பே அது தின்று தீர்த்துவிடுகிறது. செல் எதிர்ப்பு சக்தி பெறவில்லை, அதற்கு மருந்தே போய்ச் சேரவில்லை. கைனேஸ் அளவு குறையவே இல்லை, புதிய வழிமுறையாக இருக்கவேண்டும் என்று ஆச்சரியப்பட்டாயே, இப்போது ஆச்சரியம் போயிற்றா?

நீ உடனே 2017 ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவாய், தெரியும். ஆமாம், அவர்களுக்கும் இதேதான் நடந்தது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசு செல்லை வளர்த்த மீடியம் புற்றுசெல்லை ஜெம்சிடாபினிலிருந்து காப்பாற்றியது, தோண்டிப் பார்த்தால் உள்ளே எம். ஹையோரைனிஸ். அங்கிருந்து நோயாளிகளின் கணையப் புற்றுக் கட்டிகளுக்கே போய், 113 மாதிரிகளில் 86-இல் பாக்டீரியாவைப் பார்த்தார்கள். அழுக்கே கண்டுபிடிப்பாக மாறிய கதை. ஆனால் அவர்கள் அழுக்கை அழுக்கு என்று முதலில் கண்டுகொண்டார்கள். நீ அதற்கு எக்ஸோசோம் என்று பெயர் வைத்து, ஸ்லைடில் வண்ணமும் அடித்துவிட்டாய்.

சரி, செய்யவேண்டியது. முதலில் பி.சி.ஆர்., மைக்கோப்ளாஸ்மா டி.என்.ஏ. இருந்தால் பெருக்கிக் காட்டும் சோதனை. ஆன்டிபயாடிக் இல்லாத மீடியத்தில் இரண்டு பாசேஜ் (செல்லைப் பிரித்துப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றுவது) ஓட்டு. ஃபிளாஸ்க் ஏறக்குறைய நிரம்பி, மீடியம் மாற்றாமல் இரண்டு மூன்று நாள் ஆன பிறகு மாதிரி எடு. நேற்று மாற்றிய மீடியத்தில் எடுத்தால் இருக்கிறதும் இல்லை என்று வரும். எம். ஹையோரைனிஸ் செல்லோடு ஒட்டிக்கொண்டு இருக்கிற ஆள், அதனால் மேல் மீடியம் மட்டும் போதாது, பைப்பெட் டிப்பால் சுரண்டிக் கொஞ்சம் செல்லும் சேர்த்து 1 மில்லிலிட்டர் எடுத்துக்கொள். 15,000 ஜி-யில் 10 நிமிஷம் சுற்று. மேலே இருப்பதை முழுக்க எடுத்துவிடு, சீரம் மிச்சம் இருந்தால் பி.சி.ஆர். ஓட்டுகிற என்சைமான டாக் பாலிமரேஸ் படுத்துக்கொள்ளும். அடியில் படிந்ததை 100 மைக்ரோலிட்டர் தண்ணீரில் கரைத்து, 95 டிகிரியில் 10 நிமிஷம் வை, மறுபடி ஒரு சுற்று, மேலிருந்து 2 மைக்ரோலிட்டர் எடுத்து 25 மைக்ரோலிட்டர் ரியாக்‌ஷனில் போடு. ப்ரைமர், அதாவது எதைப் பெருக்கவேண்டும் என்று காட்டும் டி.என்.ஏ. துண்டு, பாக்டீரியாவின் 16எஸ் ஜீனுக்கு.

ஐந்து குழாய் வை: மாதிரி, பத்தில் ஒன்றாகக் கரைத்த மாதிரி, வெறும் தண்ணீர், பாசிட்டிவ் கன்ட்ரோல், மாதிரியோடு பாசிட்டிவ் கன்ட்ரோலும் சேர்ந்த ஒன்று. கடைசிக் குழாயைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிப்பார்கள். அதில் ஜெல்லில் பேண்ட் (டி.என்.ஏ. கோடு) வராவிட்டால் உன் மாதிரி ரியாக்‌ஷனையே கொல்கிறது என்று அர்த்தம், முதல் குழாயின் 'நெகட்டிவ்' செல்லாது. பாசிட்டிவ் கன்ட்ரோலை எல்லாம் மூடிய பிறகு, வேறு மேசையில், கடைசியாகத் திற. தண்ணீரில் பேண்ட் வந்து நீ எனக்கு நள்ளிரவில் போன் போடுவதை நான் விரும்பவில்லை.

பக்கத்திலேயே டி.என்.ஏ.வை ஒளிரவைக்கும் ஹோக்ஸ்ட் சாயமும் போட்டுப் பார். நியூக்ளியஸ் பளிச்சென்று இருக்கும், அதற்கு வெளியே செல் பரப்பெங்கும் பொடிப்பொடியாக, தெள்ளிய உப்புப்போல் மின்னினால் முடிந்தது கதை. செத்த செல்லின் டி.என்.ஏ. துணுக்கும் மின்னும், ஆனால் அது ஒரே அளவில் இருக்காது. சந்தேகம் வந்தால் சுத்தமான வேறு செல்மேல் மாதிரியை ஊற்றி, மூன்று நாலு நாள் வளர்த்துச் சாயம் போடு. அகார் தட்டில் பொரித்த முட்டை மாதிரி காலனி பார்க்கவேண்டும் என்று பெரியவர் சொல்வார். அதற்கு 28 நாள் ஆகும், சொல்லட்டும்.

எக்ஸோசோம்தான் என்று இன்னமும் பிடிவாதம் இருந்தால் ஒரு சோதனை சொல்கிறேன், காசு செலவில்லாதது. அந்த மீடியத்தை நூற்றில் ஒன்றாகத் தாய் லைன்மேல் ஊற்று. நாலு நாள் கழித்து அந்த ஃபிளாஸ்க்கின் மீடியத்தை நூற்றில் ஒன்றாக அடுத்த ஃபிளாஸ்க்கில். அங்கிருந்து மூன்றாவதில். மொத்தம் பத்து லட்சம் மடங்கு கரைத்தாயிற்று. மூன்றாவது ஃபிளாஸ்க்கும் ஜெம்சிடாபினுக்கு அடங்கவில்லை என்றால், அங்கே இருப்பது பெருகத் தெரிந்த ஒன்று. எக்ஸோசோமுக்குக் குட்டி போடத் தெரியாது. ஆனால் பி.சி.ஆர். முடிவு தெரியாமல் இதை உன் பொது ஹூட்டில் (வடிகட்டிய காற்று ஓடும் வேலைப் பெட்டியில்) செய்தால் உன்னைப் பழைய நண்பன் என்று நான் எங்கும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ஹூட் என்றதும் ஞாபகம் வருகிறது. 1976-இல் வெளியான ஒரு சோதனையில், தொற்று உள்ள செல்லை வேண்டுமென்றே ஹூட்டில் வைத்து டிரிப்சின் போட்டுப் பிரித்தார்கள். நாலைந்து நாள் கழித்தும் ஹூட் பரப்பில் மைக்கோப்ளாஸ்மா உயிரோடு இருந்தது. அதே ஹூட்டில் வாரம் ஒரு தடவை மட்டும் பிரித்த சுத்தமான செல், ஆறு வாரத்தில் பாசிட்டிவ். கல்ச்சரில் வழக்கமாக அகப்படுகிறவற்றில் எம். ஒராலே என்று ஒன்று உண்டு, அது மனுஷன் வாயில் குடியிருப்பது. செல் பிரிக்கும்போது பாடுவதை இன்னும் விடவில்லைதானே நீ? இந்தக் கூட்டத்துக்கும் உனக்கும் வேறொரு பொருத்தமும் உண்டு. மரபுக் குறியீட்டில் யு.ஜி.ஏ. என்றால் ஊர் உலகத்துக்கு நிறுத்தற்குறி. மைக்கோப்ளாஸ்மா அதை டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலமாகப் படித்துக்கொண்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். கருத்தரங்கில் மணி அடித்த பிறகு உன் பேச்சு மாதிரி.

பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வது என்று கேட்பாய். கொட்டிவிடு. ஆட்டோகிளேவ் செய்து கொட்டிவிடு. செல்லைக் குணப்படுத்தலாம்தான். சிப்ரோஃப்ளாக்ஸசின் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், இரண்டு வாரம், ஒவ்வொரு பாசேஜிலும் புதிதாக. பிறகு மருந்தே இல்லாமல் இரண்டு வாரம் விட்டு மறுபடி பி.சி.ஆர்., ஏனென்றால் செத்ததின் டி.என்.ஏ.வும் பேண்ட் காட்டும். இதெல்லாம் வேறெங்கும் கிடைக்காத லைனுக்கு. உன் தாய் லைன் செல் வங்கியில் வாங்கக் கிடைப்பது, அதற்கு ஏன் வைத்தியம்?

வாங்குமுன் திரவ நைட்ரஜன் தொட்டியைப் பார். அங்கே உறைந்தால் மைக்கோப்ளாஸ்மா சாகாது, செல்லோடு சேர்ந்து தூங்கும். பாசேஜ் 5 முதல் 40 வரை குப்பி வைத்திருக்கிறாய் என்றால் எல்லாவற்றையும் கரைக்காதே. நடுவில் 22-ஐ எடு. பாசிட்டிவ் என்றால் 13, நெகட்டிவ் என்றால் 31. நாலைந்து குப்பியில் எந்த மாதம் ஆள் உள்ளே வந்தான் என்று தெரிந்துவிடும், அந்த மாதம் யார் எந்த லைனைக் கொண்டுவந்தார்கள் என்று நோட்டைப் புரட்டு. வெளியிலிருந்து வரும் செல்லுக்குத் தனி இன்குபேட்டர், தனி மீடியம் பாட்டில், அன்றைய கடைசி வேலை. வந்த அன்றும் இரண்டு வாரம் கழித்தும் பி.சி.ஆர். இது இல்லாமல் ஹூட்டை 70 சதம் எத்தனாலால் எத்தனை தேய்த்தாலும் வீண்.

இப்போது கிண்டலை நிறுத்துகிறேன். உன் மாணவியின் ஆய்வேட்டில் மூன்றாவது அத்தியாயம் முழுக்க இந்த லைன்மேல்தான் நிற்கிறது, இல்லையா? பி.சி.ஆர். ஓட்டுவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடு. முடிவு வரட்டும் என்று மறைத்து வைத்தால், அந்த மூன்று நாளில் அவள் இன்னும் ஆறு தட்டு எம்.டி.டி. போட்டுவிடுவாள், விரயமாவது வெறும் நாள் இல்லை, உன்மேல் உள்ள நம்பிக்கை. அவள் ஃபிளாஸ்க்கில் வந்தது அவள் தப்பு என்றும் ஆகாது. ஓராண்டாக அந்தக் கூடத்தில் ஒருவரும் சோதிக்கவில்லை என்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது, அதற்குப் பொறுப்பு உன் நாற்காலிக்கு. பாசிட்டிவ் என்றால் லைனை வாங்கிப்போன இரண்டு ஆய்வகத்துக்கும் அன்றே எழுது, மூடி மறைத்து அல்ல, பாசேஜ் எண்ணோடு. அவர்கள் இன்குபேட்டரிலும் இதே கூத்து நடந்துகொண்டிருக்கும். வேறு நண்பர் என்றால் வெட்கப்படாதே என்று சொல்வார், நான் சொல்லவில்லை. வெட்கப்படு, பிறகு எழுது.

நாற்பது தடவை செய்தும் வரவில்லை என்று இரண்டாம் பக்கத்தில் அழுதிருக்கிறாயே, ஹெச்.ஈ.கே. 293 என்ற செல் லைனின் பெயரில் அந்த 293 எப்படி வந்தது என்று மறந்துவிட்டாயா? அதை உருவாக்கிய கிரஹாமின் 293-ஆவது பரிசோதனை. உனக்கு இன்னும் 253 இருக்கிறது.

ஜெல் படத்தை அனுப்பு. ஐந்து குழாயும் தெரியவேண்டும், வேண்டியதை மட்டும் வெட்டி அனுப்பாதே. பேண்ட் இல்லை என்றால் உன் நாலு பக்கத்தையும் மறுபடி மரியாதையோடு படிக்கிறேன்.

உன்,
பஃபர்

பி.கு.: வாட்டர் பாத் தண்ணீரை எப்போது மாற்றினாய்? வாரம் ஒருமுறை மாற்று, பாட்டிலைக் கழுத்துவரை முக்காதே, ஹூட்டுக்குள் வைக்குமுன் துடை. மிதக்கிற அந்த மஞ்சள் வாத்தையும் எத்தனாலால் துடை. அது பாவம், பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.