முதலில் குதிரைகள்

டோட்முண்ட்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகனும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தன் துணை நிற்க வேண்டும். சென்ற கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. வருகிற பிறந்தநாளுக்கு அம்மப்பாவைப் போலத் தானும் ஒரு ஜேர்மன் டாங்கியின் பிளாஸ்டிக் மொடல் செய்ய வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கிறான், போரால் ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை ஹிட்லரின் படை வாகனத்துக்குப் பசை பூசிக்கொண்டிருப்பது சரியா என்று கேட்டாய். உன் குரலில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. ஆனாலும் அவனுக்கு இந்த ஆசை என் கண்ணாடி அலுமாரியைப் பார்த்துத்தான் வந்தது என்பதால், விடை சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

நான் முதல் பெட்டியை வாங்கியது 1991 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில். அப்போது உணவகச் சமையலறையில் வேலை. திங்கட்கிழமை மட்டும் ஓய்வு. ஜேர்மன் மொழி காதில் விழுந்தாலும் நாவில் வராத காலம். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் 'டைகர்' என்ற ஜேர்மன் டாங்கியின் மொடல் பெட்டி ஒன்று இருந்தது. அதை வாங்கியதற்குப் போர்மேல் இருந்த பற்று காரணமில்லை. செய்முறைத் தாளில் எழுத்து குறைவாகவும் படம் அதிகமாகவும் இருந்தது. யாரிடமும் எதுவும் கேட்காமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணைப் பார்த்தே முடிக்கக்கூடிய ஒரு காரியம் அந்த நாட்களில் எனக்கு அதைவிட வேறொன்றும் கிடைக்கவில்லை. மூன்று மாதத் திங்கட்கிழமைகள் அதில் போயின.

முடித்ததும் கீழ்வீட்டில் இருந்த முதியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உனக்கு அவரை நினைவிருக்காது. நீ நடை பழகும்போது அவருடைய கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, டாங்கியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பார்த்தார். பொருத்து வாய்கள் சுத்தமாக இருக்கின்றன என்று பாராட்டினார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, "குதிரைகள் எங்கே?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை, என் ஜேர்மன் மொழியின் குறை என்று நினைத்தேன். அவர் இரண்டாம் உலகப் போரில், சோவியத் படையோடு மோதிய கிழக்கு முனையில், ஜேர்மன் காலாட்படைப் பிரிவொன்றில் வண்டியோட்டியாக இருந்தவர் என்பதும், அத்தனை ஆண்டுகளில் ஒரு டைகரைக்கூடக் கிட்ட நின்று பார்த்ததில்லை என்பதும் பின்னர்தான் தெரிந்தது.

அந்தக் கேள்விதான் என்னைப் புத்தகங்களிடம் அனுப்பியது. டைகர் டாங்கி 1942 ஓகஸ்டிலிருந்து 1944 ஓகஸ்ட் வரை மட்டுமே உற்பத்தியானது. மொத்தம் ஏறக்குறைய 1,350. ஆனால் 1941 ஜூனில் சோவியத் நாட்டுக்குள் புகுந்த ஜேர்மன் படை தன்னோடு கூட்டிச் சென்ற குதிரைகள் ஆறு லட்சத்துக்கும் மேல். காலாட்படையின் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றையும், பாணையும், காயப்பட்டவர்களையும் இழுத்தவை அவைதான். சேற்றிலும் பனியிலும் பெருந்தொகையாகச் செத்தவையும் அவைதான். உலகம் முழுவதும் மொடல் செய்பவர்களின் அலுமாரிகளைப் பார்த்தால், அந்தப் படை முழுவதும் டைகர், பாந்தர் டாங்கிகளில் ஏறிப் போனது என்று எவரும் எண்ணிக்கொள்வார்கள். என் அலுமாரியும் பத்து ஆண்டுகள் அதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

நாம் மூவரும் இங்கிலாந்தின் பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்துக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். அங்கே நிற்கும் 131 ஆம் இலக்க டைகர், 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரித்தானியப் படையிடம் பிடிபட்டது. இன்று சொந்த இயந்திரத்தில் ஓடக்கூடிய டைகர் I உலகில் அது ஒன்றுதான். என் மேசையில் 24 சென்ரிமீற்றர் நீளத்தில் இருக்கும் அதே வாகனம் அங்கே 57 தொன் எடையோடு நின்றபோது, நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இது வீடு மாதிரி இருக்கிறது, இது தெருவில் வந்தால் ஆட்கள் எங்கே ஓடுவார்கள்?" என்று கேட்டாய். முப்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறைக்கும்போது அந்த அச்சமும் சேர்ந்து குறைந்துபோகிறது என்பதை நான் உணர்ந்தது அன்றுதான். (அந்த முப்பத்தைந்து என்ற கணக்கும் ஒரு தற்செயல். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் பாந்தர் டாங்கியை மோட்டாரோடு செய்தபோது, உள்ளே பற்றறி அடங்கும்படி உடலின் அளவை வைத்தது. பிறகு அளந்து பார்த்தால் முப்பத்தைந்தில் ஒன்று வந்தது. இன்று எல்லா நாட்டு நிறுவனங்களும் அதைப் பின்பற்றுகின்றன.)

பிளாஸ்டிக் சொல்லாத வேறு காரியங்களும் இருக்கின்றன. டைகரைச் செய்தது காசல் நகரத்தில் இருந்த ஹென்ஷல் ஆலை; அங்கே வேலை செய்தவர்களில் பலர் வெளிநாடுகளிலிருந்து பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1943 ஒக்டோபர் 22 ஆம் திகதி இரவு அந்த நகரத்தின்மேல் விழுந்த குண்டுகளில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அலுமாரியில் நீ விரும்பிப் பார்க்கும் சின்ன 'கியூபல்வாகன்' காரும் அப்படித்தான்: இன்றைய வொல்ஃப்ஸ்பூர்க்கில் உள்ள ஃபோல்க்ஸ்வாகன் ஆலையில், கட்டாய உழைப்பாளர்களின் கைகளால் உருவானது. அந்த ஆலைக்குள்ளேயே ஒரு பழைய பதுங்கு அறையில் அவர்களுக்கான நினைவிடம் 1999 முதல் இருக்கிறது. கதவின் கைப்பிடி எத்தனை மில்லிமீற்றர் என்று தேடித் தேடிப் படிக்கிறவன், அந்தக் கதவைப் பொருத்தியது யார் என்பதைப் படிக்காமல் விட்டால் அவனுடைய மொடல் அரைகுறை என்பது என் முடிவு. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஹிட்லரின் நாசிக் கட்சியின் சொந்தப் படையான எஸ்.எஸ். படையினரின் உருவங்களை நான் செய்வதில்லை என்பது உனக்குத் தெரியும். புள்ளிச் சீருடையைத் தூரிகையால் எழுதுவது பெரிய சவால் என்று நண்பர்கள் அந்தப் பெட்டிகளைப் பரிசாகவும் தந்திருக்கிறார்கள். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாசிகளின் சின்னமான வளைந்த சிலுவையைப் பற்றியும் பிள்ளை கேட்பான். இந்த நாட்டின் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும் தடுக்கிறது. அதனால் இங்கே விற்கும் பெட்டிகளின் ஒட்டுச் சின்னத் தாளில் அது இருக்காது, அல்லது இரண்டு துண்டாக வெட்டி வைத்திருப்பார்கள். சாமியறைப் படத்தில் இருக்கும் சுவஸ்திகமும் அதுவும் ஒன்றா என்று நீ பத்து வயதில் கேட்டபோது, உன்னை அந்தத் தாளின் முன்னால் இருத்தித்தான் விளக்கினேன். டாங்கியின் உடலில் அவர்கள் வழக்கமாக எழுதியது கறுப்பு வெள்ளை நேர்ச்சிலுவை. மற்றதைத் தங்கள் விமானங்கள் மேலிருந்து இனங்காண்பதற்காகக் கொடியாக இயந்திர மூடியின்மேல் விரித்தார்கள். ஆகவே அது இல்லாமலே உண்மையான மொடல் செய்யலாம். பிள்ளைக்கு அதை மறைக்கவும் வேண்டாம்.

எனவே என் விடை இதுதான்: செய்யட்டும், ஆனால் டைகர் முதலில் வேண்டாம். நான் அனுப்புகிற பொதியில் குதிரை பூட்டிய களச் சமையல் வண்டி ஒன்று இருக்கிறது. புகைபோக்கி பீரங்கிக் குழல்போல மேலே நீட்டிக்கொண்டு நிற்பதால் படையினர் அதைக் 'குலாஷ் பீரங்கி' என்று அழைத்தார்கள் (குலாஷ் என்பது ஓர் இறைச்சிக் குழம்பு). இருபத்தாறு ஆண்டுகள் அடுப்போடு நின்றவன் என்ற முறையில் எனக்கு அந்த வண்டியின்மேல் தனி மரியாதை உண்டு. பெரிய அண்டா இரட்டைச் சுவர் கொண்டது. இரண்டு சுவருக்கும் நடுவில் கிளிசரின் ஊற்றியிருப்பார்கள். நெருப்பின் சூடு நேரே உணவில் படாமல் கிளிசரின் வழியாகப் போவதால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதும் சூப் அடிப்பிடிக்காது. பக்கத்தில் கோப்பிக்கு ஒரு சிறிய பாத்திரம். ஒரு கம்பனிப் படையணியின் பசி முழுவதும் அந்த இரண்டு பாத்திரங்களையும் அவற்றை இழுத்த குதிரைகளையும் நம்பியிருந்தது. இதைப் பிள்ளை தன் கையால் பொருத்தும்போது, படை என்பது பசிக்கிற, குளிர்கிற மனிதர்களின் கூட்டம் என்பது அவனுக்குத் தானாகவே தெரியவரும்.

செய்யும் முறையைச் சுருக்கமாக எழுதுகிறேன். பாகங்கள் தொங்கும் சட்டங்களை முதலில் சவர்க்கார நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். வார்ப்பு அச்சிலிருந்து ஒட்டியிருக்கும் எண்ணெய் போகாவிட்டால் வர்ணம் பிடிக்காது. வெட்டுக் குறடால் நறுக்கும்போது பாகத்தை ஒட்டி நறுக்காமல் சற்றுத் தள்ளி நறுக்கி, மிச்சத்தைத் தேய்த்து எடுக்கச் சொல். கத்தி வேலை உன் கையில் இருக்கட்டும். பசை என்று நாம் சொன்னாலும் அது ஒட்டுவதில்லை. இரண்டு விளிம்புகளையும் உருக்கி ஒன்றாக்குகிறது. ஆகவே பொருத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு விளிம்பும் சேரும் இடுக்கில் ஒரு சொட்டைத் தூரிகையால் தொட்டால் போதும், அது தானே உள்ளே ஓடிவிடும். யன்னலைத் திறந்து வையுங்கள்.

உருவத்துக்கு நேரம் எடுக்க வேண்டும். 175 சென்ரிமீற்றர் உயரமான மனிதன் இந்த அளவில் 5 சென்ரிமீற்றர். அவனுடைய தலை ஒரு கடலையை விடச் சற்றுச் சிறியது. முதலில் முகம் முழுவதற்கும் தோல் நிறம்; அது காய்ந்த பிறகு, நன்றாகக் கரைத்த மண்ணிற எண்ணெய் வர்ணத்தைக் கண்குழியிலும் மூக்கின் ஓரத்திலும் உதட்டின் கீழும் ஓடவிட்டு, மேடான இடங்களைத் துடைக்க வேண்டும். பிறகு மூக்கின் முதுகிலும் கன்ன எலும்பிலும் வெளிறிய நிறத்தால் ஒவ்வொரு தொடுகை. கண்ணுக்கு வெள்ளை வைத்தால் பேயைக் கண்டவன்போல முழிப்பான்; தொப்பியின் நிழலில் ஒரு மெல்லிய கருங்கோடு போதும். சமையற்காரனுக்கு மட்டும் நான் கன்னத்திலும் மூக்கு நுனியிலும் சிவப்பைச் சற்றுக் கூட்டுவேன். கொதிக்கும் அண்டாவின் மூடியைக் குளிர்காற்றில் திறக்கிறவனுடைய முகம் அப்படித்தான் இருக்கும். அது எனக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும்.

வண்டிக்குக் கடுஞ்சாம்பல் நிறம். 1943 பெப்ரவரி வரை அதுதான் பொது நிறம். அதற்குப் பிறகு ஆலையிலிருந்து கடும் மஞ்சளில் வந்தன, மேலே பூசுவதற்குச் செங்கபிலமும் ஒலிவ் பச்சையும் குழம்பாகத் தகரத்தில் வந்தன. படையினரே அதைப் பெற்றோலிலோ கிடைத்த தண்ணீரிலோ கரைத்து அடித்தபடியால் எந்த இரண்டு வண்டியும் ஒரே நிறத்தில் இருக்கவில்லை. சாம்பலைப் புட்டியிலிருந்து அப்படியே பூசினால் சிறிய பொருளில் கறுப்பாகத் தெரியும். கொஞ்சம் வெளிர்சாம்பல் கலக்க வேண்டும். குளிர்கால வெள்ளைப் பூச்சு வேண்டுமென்றால், சாம்பல் காய்ந்த பின் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்து, அதன்மேல் வெள்ளையைப் பூசி, ஈரத் தூரிகையால் கைபடும் இடங்களில் தேய்த்தால் வெள்ளை உதிர்ந்து உண்மையில் தேய்ந்ததுபோல வரும். உன் ஸ்பிரே அடிக்கடி தீர்ந்துபோன காலத்தில் நீ அம்மாவைச் சந்தேகித்தாய், எடுத்தது நான்.

குதிரை வாருக்குத் தக்காளிப் பசைக் குழாயின் தகட்டைக் கழுவி, நீளமாக நறுக்கிப் பொதியில் வைத்திருக்கிறேன். 35 மில்லிமீற்றர் அகலமான தோல்வார் இந்த அளவில் சரியாக ஒரு மில்லிமீற்றர். அந்த அகலத்துக்கே வெட்டியிருக்கிறேன். ஓரம் கூர்மையானது, விரலைக் கவனிக்கச் சொல். பசை தீப்பற்றக்கூடியது என்பதால் தபாலில் வைக்கவில்லை. அங்கே கடையில் வாங்கிக்கொள். வண்டியையும் ஆட்களையும் அவன் முடிக்கட்டும். குதிரைகளைக் கழுவிப் பொருத்தி மட்டும் வைத்துவிட்டு வர்ணம் பூசாமல் விடச் சொல். ஈஸ்டர் விடுமுறைக்கு நான் வரும்போது இருவரும் சேர்ந்து பூசுவோம்.

அன்புடன்,
அப்பா