மூன்றாவது கம்பத்தடி நாற்காலிக்கு நன்றி

எங்கள் வீதிக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மார்கழியில் நுரையீரல் நோவால் மூச்சு முட்டி அம்மா பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். நடுராத்திரி ஆம்புலன்ஸுக்கு வழிவிட வண்டிகளை நகர்த்தியதே நீங்கள்தான். அதனால் அந்தக் கதை வேண்டாம். அதற்கு அப்புறம் நடந்ததற்குத்தான் இந்த மடல்.

வீட்டுக்கு வந்த அம்மாவை ஆடாமல் அசையாமல் உட்கார வைத்திருந்தேன். தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில், டிவி ரிமோட் மடியில். நாலடி வைத்தாலே மூச்சு வாங்குகிறவரை வேறென்ன செய்வது? அப்போதுதான் மளிகைக்கடை அண்ணன் போன் செய்தார். பத்து வருடமாகச் சாமானை வீட்டுக்கே அனுப்பியவர், "இனி பையனை அனுப்ப மாட்டனுங்க. அம்மாவையே வரச் சொல்லுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கடையையே மாற்றியிருப்பேன்.

சண்டை போடத்தான் மறுநாள் போனேன். பாதி வழியில், மூன்றாவது கரண்ட் கம்பத்தடியில், கைப்பிடி உடைந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. கடை வாசலில் இன்னொன்று. "எங்கப்பா பீளமேட்டு மில்லுல பஞ்சுத் தூசி தின்னவருங்க. பாவம் பாவம்னு உட்கார வெச்சே எந்திரிக்க முடியாம பண்ணிட்டோம்" என்றார். அவ்வளவுதான், பருப்பு நிறுக்கப் போய்விட்டார்.

பிசியோதெரபி பெண் சொன்னதும் அதுதான். மூச்சு இளைக்கிறதே என்று உட்கார்ந்தால் தொடைச் சதை கரையும். கரைந்த கால் அதே நாலடிக்குக் கூடுதல் காற்றுக் கேட்கும். நுரையீரல் பழுதானது பழுதானதுதான், காலைத் தேற்றலாம். மூச்சு முட்டினால் நின்று, உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும். "ஊதாங்குழல் ஊதற மாதிரியா கண்ணு? அதை ஊதித்தானே எனக்கு இந்த நோவே வந்துச்சு" என்றார் அம்மா. பீடி, சிகரெட் தொடாதவர். நாற்பது வருடம் விறகடுப்போடு கிடந்தவர்.

முதல் நாள் இரண்டாவது கம்பத்திலேயே திரும்பிவிட்டோம். நான்காம் நாள் நாற்காலியைப் பிடித்தார். எட்டு வாரத்தில் ஆறு நிமிட நடைச் சோதனையில் அம்மா நடந்த தூரம் 190 மீட்டரிலிருந்து 255 ஆனது. 30 மீட்டர் கூடினாலே நல்ல முன்னேற்றமாம். எனக்கு மீட்டர் பெரிதில்லை. கொத்தமல்லிக் கட்டை மோந்து பார்த்து, "இது நேத்து வந்த தழை" என்று அண்ணனிடம் மல்லுக்கு நின்றாரே, அன்றைக்குத்தான் எனக்கு உயிர் வந்தது.

குப்பை கொளுத்துவதை நிறுத்திய மூலை வீட்டுக்காரர்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை இரவல் தந்த தையல்கடை அக்கா, இன்ஹேலரை உறிஞ்சும் முறையைச் சலிக்காமல் சொல்லித்தந்த நர்ஸ், வழியை மறித்து பைக் நிறுத்தாத கல்லூரித் தம்பிகள், எல்லோர் வீட்டுக்கும் நேரில் வருவேன். ராத்திரியில் அந்த நாற்காலியை உள்ளே எடுத்து வைத்து, விடிந்ததும் திரும்பப் போடுவது யாரென்று மட்டும் தெரியவில்லை. சொல்லிவிடுங்கள்.

செம்பைச் சமையலறைக்கே கொண்டுபோய்விட்டேன். தாகம் எடுத்தால் அம்மா எழுந்து போகட்டும்.

கறிவேப்பிலை வாங்கப் போனவர் இன்னும் வரவில்லை, அரை மணி ஆகிறது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து யாரிடமோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார். நான் கூப்பிடவில்லை.