அந்த வாசனை பூச்சிக்குத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பிதழில் 'வாசனையால் ஈர்க்கலாம்' என்ற கட்டுரையைப் படித்தேன். பெண் பட்டுப்பூச்சி தன் வாசனையாலேயே ஆணை இழுக்கிறது என்று எழுதியிருந்ததெல்லாம் சரி. மனிதர்களும் அப்படியே வாசனையால் ஈர்க்கலாம் என்று பொருத்தியதுதான் இடிக்கிறது.

பாலக்கோடு பக்கம் பதினெட்டு வருடமாகப் புழு வளர்க்கிறேன். பூச்சி வெளிவரும் முன்பே கூடு தருமபுரி அங்காடிக்குப் போய்விடுவதால் பூச்சியைப் பார்ப்பது அபூர்வம். சந்திரிகையில் (புழு கூடு கட்டும் தட்டு) தப்பிப்போன கூட்டிலிருந்து எப்போதாவது ஒன்றிரண்டு வெளிவரும். பெண் பூச்சி வயிற்று நுனியை நீட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஆணுக்குப் பறக்க வராது. ஆனாலும் சிறகைப் படபடத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தே வந்து சேர்ந்துவிடும். வாசனையைப் பிடிக்கும் உணர்கொம்பு போய்விட்டால் பக்கத்தில் இருக்கும் பெண் பூச்சிகூட அதற்குத் தெரியாது. பெண் பூச்சி விடும் இந்த வாசனைப் பொருளைப் பிரித்தெடுக்க ஜெர்மனியில் வேதியியல் விஞ்ஞானி புட்டனாண்ட் குழுவினர் சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளைச் செலவழித்தார்கள். இருபது வருடப் பாடு. 1959இல்தான் முடிவு வந்தது. ஓர் உயிர் வெளிவிட்டு அதே இனத்தின் இன்னொன்றை இப்படி ஆட்டுவிக்கும் பொருளுக்குப் 'பெரமோன்' என்ற பெயரும் அதே வருடம் வைத்ததுதான்.

நம் கதை வேறு. பல விலங்குகளுக்குப் பெரமோனை உணர்வதற்கென்று மூக்கில் தனி உறுப்பு உண்டு. நமக்கு அந்த இடத்தில் சின்னக் குழிதான் மிச்சம்; அங்கிருந்து மூளைக்கு நரம்பு போகவில்லை. மனிதப் பெரமோன் இதுதான் என்று ஒரு பொருளைக்கூட இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 'பெரமோன் சென்ட்' விற்பவர்கள் சொல்லும் ஆண்ட்ரோஸ்டீனோன், ஆண் பன்றியின் எச்சிலில் இருக்கிற சரக்கு. பருவத்துக்கு வந்த பெண் பன்றி அதை மோந்தால் அசையாமல் நிற்கும். மனிதரில் சிலருக்கு அது மூத்திர நாற்றம், சிலருக்கு இனிப்பு வாசனை, சிலருக்கு ஒன்றுமே தெரியாது. என் அக்கா மகன் ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு இப்படி ஒரு குப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான் கண்ட பலன்.

அதற்காக நம் மூக்கை மட்டம் தட்டவில்லை. வாசனையைப் பிடிக்கும் வாங்கிகள் நமக்குச் சுமார் 400 வகை உண்டு. இப்படிப்பட்ட வாங்கிகளையும் அவற்றின் மரபணுக்களையும் கண்டுபிடித்ததற்காக அமெரிக்க விஞ்ஞானிகள் ரிச்சர்ட் அக்செலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004இல் நோபல் கிடைத்தது. கட்டுரை எழுதியவர் இந்தப் பக்கமாகத் தேடியிருந்தால் நிறையக் கிடைத்திருக்கும். என் மனைவி விடியற்காலையில் புழுமனைக் கதவைத் திறந்ததும், வாசலில் நின்றபடியே, "அந்த மூலையில என்னமோ சரியில்ல" என்பாள். தழையை விலக்கிப் பார்த்தால் நாலைந்து புழு கறுத்துச் செத்துக் கிடக்கும். எனக்கு அப்போதும் மல்பெரி வாசம் மட்டும்தான் அடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு பட்டு விவசாயி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.