எதில் எவ்வளவு?

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் அழுததை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மார்க் குறைந்ததை விட, "எனக்கு கெமிஸ்ட்ரியே வராதுப்பா" என்று நீ சொன்னதுதான் ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. காலையில் உப்பளத்துக்குப் போகுமுன் நீ அனுப்பிய விடைத்தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. ஒரே இடத்தில்தான் வழுக்கியிருக்கிறாய்.

100 கிராம் தண்ணீரில் 36 கிராம் உப்பு, கரைசலின் அடர்த்தி மில்லிக்கு 1.2 கிராம், மோலாரிட்டி என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நீ ஒரு கிலோ தண்ணீருக்கான 360 கிராமை, ஒரு மோல் உப்பின் எடையான 58.5 கிராமால் வகுத்து 6.15 என்று எழுதிவிட்டாய். அது மோலாலிட்டி. ஒரு கிலோ தண்ணீருக்கு எத்தனை மோல் என்பது. அவர்கள் கேட்டது ஒரு லிட்டர் கரைசலுக்கு.

ஒரு லிட்டர் தண்ணீரில் 360 கிராம் உப்பைக் கொட்டிக் கரைத்தால் மொத்த எடை 1360 கிராம். 1.2-ஆல் வகுத்துப் பார், 1133 மில்லி வரும். உப்புக்கும் இடம் வேண்டுமே. அந்த 6.15 மோலும் 1.133 லிட்டரில் பரவிக் கிடக்கிறது. அதனால் மோலாரிட்டி 5.4 தான். லேபில் உப்பை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துவிட்டு, அப்புறம் குடுவையின் கோடு வரை ஊற்றச் சொல்வது இதற்காகத்தான்.

சின்ன வயதில் பாத்திக் கரையில் உட்கார்ந்து டிகிரி பார்ப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மானியை உப்புத் தண்ணீரில் விட்டதும் அது ஆடி ஆடி நிற்கும். நீ கன்னத்தைத் தரையோடு வைத்து, "அப்பா, இருபத்தி நாலு!" என்று கத்துவாய். இருபத்தைந்து வந்தால் உப்பு விழ ஆரம்பிக்கும் என்று உனக்கு அப்போதே தெரியும். அந்த டிகிரியும் செறிவுதான். 1768-ல் அந்தோன் பாமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் வெறும் தண்ணீரில் மானி நிற்கும் இடத்தை 0 என்றும், 15 பங்கு உப்பும் 85 பங்கு தண்ணீரும் கலந்ததில் நிற்கும் இடத்தை 15 என்றும் குறித்தார். அதாவது 100 கிராம் கரைசலில் எத்தனை கிராம் உப்பு. உன் கணக்கையே எடுத்துக்கொள். 136-ல் 36 என்றால் நூற்றுக்கு 26.5. நம் பாத்தியில் உப்பு விழும் டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது பார். உப்பு ஒன்றுதான். தண்ணீருக்கா, கரைசலின் எடைக்கா, கரைசலின் கன அளவுக்கா என்பதில்தான் 36, 26.5, 5.4 என்று எண் மாறுகிறது. கணக்கைத் தொடும் முன் "எதில்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்.

போன வாரம் இங்கே கோடை மழை. ஒரு சென்டிமீட்டர்தான் பெய்திருக்கும். சதுர மீட்டருக்கு 10 லிட்டர். பத்து சென்டிமீட்டர் நின்ற தண்ணீரில் அது முழுக்கக் கலந்தால் 5.4 என்பது 4.9 ஆகிவிடும். மோல் அதேதான், லிட்டர் கூடிவிட்டது. நீ படிக்கிற M₁V₁ = M₂V₂ இதுதான்; M மோலாரிட்டி, V கன அளவு. ஆனால் அடியில் உப்பு விழுந்து கிடந்தால் இந்தச் சூத்திரம் செல்லாது. அந்தப் பத்து லிட்டர் 3.6 கிலோ உப்பு வரை கரைத்துக் குடித்துவிடும். அதனால்தான் மழை விட்டதும் ஓடிப்போய் மேல்தண்ணீரை வடித்துவிடுகிறோம். நல்ல தண்ணீர் லேசானது, கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும்.

இப்போது ஒரு கணக்கு தருகிறேன். கடல் தண்ணீர் ஒரு கிலோவில் 35 கிராம் உப்பு, அடர்த்தி 1.025. எல்லாம் சோடியம் குளோரைடு என்றே வைத்துக்கொள். உன் 5.4 மோலார் கரைசல் ஒரு குடம் வர, கடல் தண்ணீர் எத்தனை குடம் வேண்டும்? எனக்கு ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. உனக்கு என்ன வருகிறது என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லு.

அன்புடன்,
அப்பா